தண்ணீர் குடித்தாலே அம்மாவுக்குப் புரையேறுகிறது. குழாய் போட வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 78. 5 மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. கை, கால் ஓரளவு தேறிவிட்டன. விழுங்குவதுதான் சிரமமாக இருக்கிறது. தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. அதனால் எல்லா உணவையும் மிக்ஸியில் அடித்து, நீர்க்கக் கரைத்து, படுக்கையில் சாய்த்தபடியே சிரிஞ்சு வழியாக வாயில் விடுகிறேன். ஒரு வேளைக்கு 1 மணி நேரம் ஆகிறது. 54 கிலோ இருந்தவர் 48 கிலோவுக்கு வந்துவிட்டார். மூக்கில் குழாய் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். அம்மா வேண்டாம் என்று தலையசைக்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தச் சிரிஞ்சைக் கீழே வையுங்கள். அம்மா பட்டினி கிடக்கக்கூடாது என்றுதான் நீங்கள் அதைக் கையில் எடுத்தீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் சிரிஞ்சில் விடும்போது, எப்போது விழுங்குவது என்பதை அம்மா தீர்மானிப்பதில்லை, உங்கள் விரல் தீர்மானிக்கிறது. அவர் தயாராகும் முன்பே உணவு தொண்டைக்குள் போய்விடுகிறது.

நீர்க்கக் கரைத்தால் எளிதாக இறங்கும் என்றுதான் பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு நிலைமை பெரும்பாலும் தலைகீழ். விழுங்கும் நொடியில் குரல்வளை மேலே எழும்பி, மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்ள வேண்டும். மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த மூடல் தாமதமாகிறது. தண்ணீரோ அந்தத் தாமதத்துக்குக் காத்திராது. வாசல் மூடும் முன்பே உள்ளே பாய்ந்துவிடும். கொஞ்சம் கெட்டியான உணவு மெதுவாக நகர்வதால், தொண்டைக்கு அவகாசம் கிடைக்கிறது.

இருமல் வருவது ஒரு வகையில் நல்லது. உள்ளே போனதை வெளியே தள்ள உடல் முயல்கிறது. சிலருக்கு அந்த உணர்வே மழுங்கிவிடும். இருமலே இல்லாமல் உணவு நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கும். எனவே இருமலை மட்டும் நம்பாதீர்கள். சாப்பிட்டபின் குரல் ஈரமாக, கரகரவென்று கேட்கிறதா, மூச்சு வேகமாகிறதா, அடிக்கடி சளி கட்டுகிறதா என்று கவனியுங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நிமோனியா வரலாம். திடீர்ச் சோர்வும் குழப்பமும் மட்டுமே தெரியக்கூடும். அப்படி இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

5 மாதத்தில் 6 கிலோ என்பது அவருடைய எடையில் 10-ல் ஒரு பங்குக்கும் மேல். இதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த வாரமே விழுங்குதலைச் சோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் அழைத்துச் செல்லுங்கள். பெயரைப் பார்த்துப் பேச்சுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். விழுங்கும் பயிற்சியும் அவர்கள் வேலைதான். தேவைப்பட்டால் எக்ஸ்ரே வீடியோவிலோ, மூக்கு வழியாகச் செலுத்தும் சிறு கேமராவிலோ, எந்தப் பதம் பத்திரமாக இறங்குகிறது என்று நேரடியாகவே பார்த்துவிடலாம். பக்கவாதம் வந்து மாதங்கள் கடந்த பிறகும் பயிற்சியில் முன்னேறியவர்கள் உண்டு. தாடையைத் தாழ்த்தி விழுங்குவது போன்ற உத்திகள் சிலருக்கு உதவும், சிலருக்குக் கெடுதலாகும். கேட்காமல் செய்ய வேண்டாம்.

இன்றைக்கே மாற்ற வேண்டியது, உட்காரும் விதம். படுத்தபடியோ சாய்ந்தபடியோ ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, முதுகுக்கும் பலவீனமான பக்கத்துக்கும் தலையணை கொடுங்கள். பாதம் தரையில் பதியட்டும். நீங்களும் அவருக்கு எதிரே, அதே உயரத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார். அண்ணாந்தால் மூச்சுக்குழாயின் வழி திறந்துகொள்ளும். டீஸ்பூனில் அரை அளவு போதும். தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தபின்தான் அடுத்த வாய். பலவீனமான பக்கக் கன்னத்தில் உணவு ஒதுங்கிக் கிடக்கிறதா என்று நடுநடுவே பாருங்கள். ஊட்டும்போது கேள்வி கேட்காதீர்கள், டிவியும் வேண்டாம். அரைத் தூக்கத்தில் இருந்தால் அந்த வேளையைத் தள்ளிவையுங்கள். 30 நிமிடத்தில் களைத்துவிட்டால் நிறுத்திவிட்டு, 3 வேளையை 6 சிறு வேளைகளாகப் பிரியுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும்.

கீழே வைத்த சிரிஞ்சுக்கு வேறொரு வேலை இருக்கிறது. உணவின் பதத்தை 0 முதல் 7 வரை 8 நிலைகளாகப் பிரிக்கும் ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுகோலில், திரவத்தை அளப்பது 10 மில்லி சிரிஞ்சால்தான் (0 முதல் 10 வரையுள்ள கோடுகளின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்). ஊசி இல்லாத சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மில்லி நிரப்பி, விரலை 10 விநாடி எடுத்துவிட்டுத் திரும்ப அடையுங்கள். 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் நிலை 1, 4 முதல் 8 என்றால் நிலை 2, அதற்கும் மேல் மிஞ்சி, கொஞ்சமாவது வடிந்தால் நிலை 3. அம்மாவுக்கு எந்த நிலை என்று தெரபிஸ்ட் சொல்வார். தினமும் அதே பதம்தானா என்று நீங்கள் சரிபார்க்கலாம். திடமும் நீரும் கலந்த உணவு, உதிரும் உணவு, ஒட்டிக்கொள்ளும் உணவு மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடிகள் கிடைக்கின்றன. மாவுச்சத்தால் ஆனவை, உமிழ்நீர் பட்டால் மறுபடி இளகிவிடும். சாந்தன் கம் என்ற பிசினால் ஆன வகை அப்படி இளகாது. ஆனால் கெட்டித் தண்ணீர் பலருக்குப் பிடிப்பதில்லை. குடிப்பது குறைந்து, உடல் வறண்டுவிடும். எனவே குடித்த அளவை எழுதிவாருங்கள். இதய, சிறுநீரகக் கோளாறு இல்லாத வயதான பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1.6 லிட்டர் திரவம் வேண்டும். சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனால் போதாமல் இருக்கலாம்; ஆனால் வயதானவர்களுக்கு நிறத்தை மட்டும் நம்ப முடியாது.

எடை குறைந்ததற்கு நீர்க்கக் கரைத்ததும் ஒரு காரணம். வயிறு தண்ணீரால் நிரம்பிவிட்டது, சத்து போகவில்லை. 48 கிலோ உள்ளவருக்குத் தினம் சுமார் 1,400 கலோரியும் 50 கிராம் புரதமும் தேவை. அரைக்கும்போது தண்ணீருக்குப் பதில் பால் ஊற்றுங்கள்; முட்டை, பருப்பு, நெய் அல்லது எண்ணெய் சேருங்கள். வாராவாரம் எடை பாருங்கள். பல நாட்களாகக் கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாமல் இருந்திருந்தால் மட்டும் திடீரென்று அள்ளிக் கொடுக்கக் கூடாது; ரத்தத்தில் தாது உப்புகள் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகவே கூட்ட வேண்டும்.

வாய்ச் சுத்தத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எச்சிலோடு நுரையீரலுக்குப் போகும் கிருமிகள்தான் நிமோனியாவைக் கொண்டுவருகின்றன. காலையும் இரவும் பல், நாக்கு, பல்செட் எல்லாவற்றையும் துலக்கிவிடுங்கள். மாத்திரைகளையும் இஷ்டத்துக்குப் பொடிக்காதீர்கள். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவற்றைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

இனி குழாய். இத்தனையும் செய்தும் எடை இறங்கினாலோ, எந்தப் பதமும் பத்திரமில்லை என்று சோதனை சொன்னாலோ குழாய் தேவைப்படலாம். மூக்குக் குழாய் பொதுவாக 4 முதல் 6 வாரங்களுக்கு. அதற்கு மேல் என்றால் நேரே வயிற்றில் பொருத்துவது வசதி. குழாய் போட்டால் நுரையீரலுக்குள் எதுவும் போகாது என்று உங்கள் அண்ணன் நம்பினால், அது சரியல்ல. எச்சிலும், வயிற்றிலிருந்து எதுக்களித்து வருவதும் அப்போதும் போகலாம். குழாய் போட்டுவிட்டு, விழுங்கும் பயிற்சி எடுத்து, பின்னர் குழாயை எடுத்துவிடவும் முடியும். இதை அம்மாவிடம் யாராவது சொன்னார்களா? அவர் தலையசைத்தது குழாயே வேண்டாம் என்றா, காலம் முழுக்கக் குழாயோடு இருக்க வேண்டாம் என்றா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. சோதனை முடிவோடு மருத்துவரைப் பார்க்கும்போது அம்மாவும் அண்ணனும் உடன் இருக்கட்டும். கேள்வியை அம்மாவிடமே நிதானமாகக் கேளுங்கள். பேச்சு தெளிவாக வராவிட்டால் தலையசைத்துப் பதில் சொல்ல நேரம் கொடுங்கள்.