ஜேன் ஒஸ்டின் கதைகளில் காணி, கப்பல், காசு: கேள்வி பதில்

இருநூறு வருடங்களுக்கு முன் எழுதிய ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினை அவருடைய காலத்துச் சட்டம், போர், பணம் இவற்றோடு சேர்த்து வாசிப்பது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளுக்கு எழுதுகிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: டீச்சர், 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' கதையில் ஐந்து பெண் பிள்ளைகள் இருக்க, வீடு ஏன் எங்கிருந்தோ வரும் கொலின்ஸுக்குப் போகிறது?

நம் பக்கத்து வாசகர்களுக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடாது தங்கச்சி. இங்கே வீடு வளவு மகளுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார், வீட்டை மகளிடம் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பக்கத்தில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு போவதும் உண்டு. கதையில் வரும் பென்னட் குடும்பத்தின் லோங்போர்ன் காணியோ ஆண் வாரிசுக்கே போகவேண்டும் என்று முன்பே எழுதிக் கட்டிய காணி, தகப்பன் பென்னட் நினைத்தாலும் அதை மகள்மாருக்கு எழுத முடியாது. அந்த ஆண் வாரிசுதான் தூரத்து உறவினரான கொலின்ஸ். வருடம் 2,000 பவுண் வருமானம் உள்ள குடும்பம்தான். ஆனால் இரண்டாவது மகள் எலிசபெத்துக்கென்று இருப்பது 1,000 பவுண், அதுவும் தாய்க்குப் பிறகு, நாலு வீத வட்டிக்கு.

இதைத் தெரிந்துகொண்டு திருமதி பென்னட்டைத் திரும்ப வாசியுங்கள். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரு சதமும் சேர்த்து வைக்காமல் புத்தக அறைக்குள் இருந்து பகிடி விடுகிற தகப்பனைவிட, பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிடுவார்களே என்று பயப்படுகிற தாய் எவ்வளவோ மேல். இன்னொன்று, தன் கணவரின் குடும்பத்தில் பெண்வழியை விலக்கத் தேவைப்படவில்லை என்று, கொலின்ஸை ஆதரிக்கும் பணக்காரச் சீமாட்டி லேடி கேத்தரின் ஓரிடத்தில் சொல்வார். அப்படியென்றால் இது நாட்டில் எல்லோரையும் கட்டிய விதி அல்ல, குடும்பங்கள் தாங்களே செய்த ஏற்பாடு. ஒஸ்டின் அந்த வரியைச் சும்மா போடவில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து: அப்போ சார்லொட் கொலின்ஸைக் கட்டியதும் இதனால்தானா?

ஆமாம். எலிசபெத்தின் தோழி சார்லொட்டுக்கு 27 வயது, கையில் பணமில்லை. ஒஸ்டினுக்கே அந்த நிலைமை தெரியும். 1805 இல் தகப்பன் இறந்தபிறகு தாயும் அக்காவும் அவரும் சகோதரர்களின் தயவில் இடம் மாறி மாறி இருந்து, 1809 இல்தான் சோட்டனில் ஒரு வீடு கிடைத்தது. அதுவும் அண்ணன் எட்வர்ட் கொடுத்தது.

ஏறாவூரிலிருந்து: நெப்போலியன் காலத்தில் எழுதியவர், போரைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை என்கிறார்களே?

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லோங்போர்னுக்குப் பக்கத்து ஊரான மெரிட்டனில் வந்து தங்கும் அந்தப் படை வேறு எதற்காக வந்தது? ஊருக்குப் பக்கத்தில் முகாம் வந்தால் ஊரில் என்னென்ன மாறும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசி மகள் லிடியா ஒரு படை அதிகாரியோடு ஓடிப்போகும் கதையை அந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். 'பெர்சுவேஷன்' நடப்பது 1814 இல். அதில் கடற்படைக் கப்டன் வென்ட்வேர்த் சேர்த்த 25,000 பவுண், எதிரிக் கப்பல்களைப் பிடித்ததற்குக் கடற்படை கொடுக்கும் பங்கிலிருந்து வந்த பணம். ஒஸ்டினின் சகோதரர் இருவர் கடற்படையில் இருந்தார்கள், ஆகவே இதெல்லாம் அவருக்கு வீட்டுப் பேச்சு.

அந்தப் போர் நமக்கும் தூரமில்லை. 1795 இல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைப் பிடித்ததைக் காரணமாக வைத்துத்தான் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையையும் நம் மட்டக்களப்புக் கோட்டையையும் எடுத்தார்கள். ஒஸ்டினின் தம்பி சார்ள்ஸ் 1852 இல் பர்மாவில் இறந்தார், அடக்கம் செய்தது திருகோணமலையில்!

வந்தாறுமூலை கெம்பசிலிருந்து: 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' அடிமை முறையை ஆதரிக்கிறதா?

நாவல் வந்தது 1814. பிரித்தானியா அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது 1807, அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833. இடையில் கரீபியன் தீவுகளின் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பில்தான் ஓடின, மேன்ஸ்ஃபீல்ட் பார்க் மாளிகையின் சொந்தக்காரர் சேர் தோமஸுக்கு அங்கே அன்ரிகுவாத் தீவில் ஒரு தோட்டம் இருக்கிறது. அந்தத் தோட்டத்துக்கும் இந்த மாளிகைக்கும் உள்ள தொடர்பை இலக்கிய விமர்சகர் எட்வர்ட் சயீத் 1993 இல் விரிவாக எழுதியபிறகுதான் இந்த விவாதம் சூடுபிடித்தது. அதை வாசியுங்கள், ஆனால் முதலில் நாவலின் 21 ஆம் அத்தியாயத்தை வாசியுங்கள். அடிமை வியாபாரம் பற்றி, அந்த வீட்டில் வளரும் ஃபேனி தன் மாமா சேர் தோமஸிடம் கேட்டதாகவும், மற்றவர்கள் பேசாமல் இருந்ததாகவும் வரும். பலர் அதை மாமாவின் குற்றவுணர்வு என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் இன்னும் கேட்டிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார் என்று அவருடைய மகன் எட்மண்ட் சொல்கிறான், பேசாமல் இருந்தது அவருடைய மற்றப் பிள்ளைகள். தங்கள் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று அறிய அக்கறையில்லாத பிள்ளைகள் என்றுதான் நான் வாசிக்கிறேன், குற்றவுணர்வைவிட அது எனக்குக் கூடுதலாக உறைக்கிறது. ஆதரவு என்று சொல்லமாட்டேன், எதிர்ப்புக் குரல் என்றும் சொல்லமாட்டேன்.

கல்முனையிலிருந்து: புதிதாக வாசிக்கிறவர் எதில் தொடங்கலாம்?

'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்', அப்புறம் 'பெர்சுவேஷன்'. 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' கொஞ்சம் பொறுத்து. ஒவ்வொரு பாத்திரம் வரும்போதும் இவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு போங்கள்.