முடக்குவாதமும் தாம்பத்தியமும் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா,

மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்தோடு (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) வாழ்வதைப் பற்றி நீங்கள் எழுதிவருவதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். அவளுக்கு 38 வயது. நோய் தெரியவந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. நோயைக் கட்டுப்படுத்த வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். இரண்டு ஆண்டுகளாக எங்களுக்குள் தாம்பத்திய உறவு இல்லை. கையைப் பிடித்தால்கூட வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறாள். கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறாள். என்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று மனம் குமைகிறது. இதையெல்லாம் மருத்துவரிடம் பேசலாமா? இரண்டாவது குழந்தை வேண்டும் என்ற எண்ணமும் எங்களுக்கு உண்டு. என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

கையைப் பிடித்தால் இழுத்துக்கொள்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். முடக்குவாதம் இருக்கிறதா என்று பார்க்கும் மருத்துவர், விரல்கள் உள்ளங்கையோடு சேரும் இடத்திலுள்ள கணுக்களை இரு பக்கமும் பிடித்து மெல்ல அழுத்திப் பார்ப்பார். அங்கே அழற்சி இருந்தால், அந்தச் சிறு அழுத்தத்துக்கே உயிர் போய் உயிர் வரும். ஆசையாகக் கையைப் பற்றுகிறவரும் அதே இடத்தைத்தான் அழுத்துகிறார். நானும் என் கணவரிடமிருந்து பல ஆண்டுகள் இப்படிக் கையை இழுத்துக்கொண்டவள்தான். வலிக்கிறது என்று சொன்னால் தொடுவதையே விட்டுவிடுவாரோ என்று பயந்து ‘ஒன்றுமில்லை’ என்பேன்; காரணம் தெரியாமல் அவரும் மெல்ல மெல்லத் தொடுவதை விட்டுவிட்டார். விரல்களை விட்டுவிட்டு முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஒருநாள் சொன்ன பிறகுதான் அந்த விலகல் குறையத் தொடங்கியது.

இந்த நோய் மூட்டோடு நிற்பதில்லை. உடலெங்கும் உள்ள அழற்சியால் வரும் அசதி, நன்றாகத் தூங்கி எழுந்தாலும் போகாது. காலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மூட்டுகள் இறுகிக் கிடக்கும். ரவிக்கைக் கொக்கியைக்கூட மாட்ட முடியாத அந்த வேளையில் வேறெதையும் எதிர்பார்க்க முடியாது. இடுப்பு மூட்டு பாதிக்கப்பட்டிருந்தால் தொடைகளை அகற்றுவதே வேதனை. ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பி, உடல் பருத்த பெண் கண்ணாடியின் முன் நிற்கவே கூசுகிறாள். இவற்றோடு மனச்சோர்வும் சேர்ந்துகொண்டால் ஆசை அடங்கிப்போகிறது.

பெண்கள் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று பெண்ணுறுப்பு வறட்சி. முடக்குவாதம் உள்ளவர்களில் சிலருக்கு, ஈரத்தைச் சுரக்கும் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோயும் சேர்ந்து வருகிறது. கண்ணில் மணல் விழுந்ததுபோன்ற உறுத்தல் உண்டா, தண்ணீர் குடிக்காமல் சோறு இறங்குவதில்லையா என்று உங்கள் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். உண்டு என்றால், உறவின்போது வரும் எரிச்சலுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கும், நீரை அடிப்படையாகக் கொண்ட மசகு ஜெல் இதற்கு உதவும். ஆணுறை பயன்படுத்துபவர்கள் தேங்காய் எண்ணெயைத் தடவக் கூடாது, ரப்பர் இற்றுப்போகும்.

மற்றவை நேரத்தையும் வசதியையும் பொறுத்தவை. இறுக்கம் தளர்ந்திருக்கும் பிற்பகலோ முன்னிரவோ நல்லது. மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரையின் வேளையை அதற்கேற்ப அமைத்துக்கொண்டு, வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் மூட்டு இளகும். ஒருக்களித்துப் படுப்பதும், முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பதும் இடுப்பின் பாரத்தைக் குறைக்கும். எதுவும் வேண்டாம் என்று தோன்றும் நாளில் அருகில் படுத்திருப்பதே போதும். அதையும் உங்கள் மனைவி அச்சமின்றிச் சொல்ல முடிய வேண்டும்.

குழந்தை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மெத்தோட்ரெக்ஸேட் கருவைச் சிதைக்கும், பிறவிக் குறைகளை உண்டாக்கும். அதை எடுத்துக்கொண்டிருக்கும் காலம் முழுவதும் கருத்தடை கட்டாயம். கருத்தரிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே, வழக்கமாக மூன்று மாதங்களுக்கு முன்பே, மருத்துவரின் மேற்பார்வையில் அதை நிறுத்த வேண்டும். நீங்களாக நிறுத்தினால் நோய் சீறிக் கிளம்பும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்ற வேறு முடக்குவாத மருந்துகளைக் கர்ப்ப காலத்திலும் தொடர முடியும் என்பதால் மாற்று வழி இருக்கிறது. (இந்த நோயுள்ள ஆண்களுக்கு ஒரு வார்த்தை: சல்ஃபாசலசின் விந்தணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும், நிறுத்தினால் சில மாதங்களில் சரியாகிவிடும்.)

மருத்துவரிடம் பேசலாமா என்று கேட்டீர்கள். பேசியே ஆக வேண்டும். நான் முதலில் சென்ற மருத்துவமனையில் மேசையைச் சுற்றி ஐந்து நோயாளிகள் நின்றிருப்பார்கள். கதவும் திறந்தே இருக்கும். அங்கே வாய் திறக்க முடியாமல் இரண்டு முறை திரும்பி வந்தேன். மூன்றாவது முறை, ‘உறவின்போது இடுப்பில் வலி, கீழே வறட்சி, தனியாகப் பேச வேண்டும்’ என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி மருந்துச் சீட்டின் மேல் வைத்து நீட்டினேன். மருத்துவர் படித்துவிட்டு, மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, இடுப்புக்கு எக்ஸ்ரேயும் மகப்பேறு மருத்துவருக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார். இரண்டு வரிதான், உங்கள் மனைவி தன் கையாலேயே எழுதட்டும். விரல் வலித்தால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக் கொடுங்கள்.