பெல்ட் போடாதவருக்கு ஏர்பேக் எதற்கு?

திருமயம் ரோட்டில் மாடுகள் குறுக்கே வருகின்றன. காருக்கு முன்னால் இரும்பு பம்பர் பொருத்தலாமா?
- பள்ளத்தூர் வாசகர்

கூடாது. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. ஏர்பேக் சென்சார் மோதலை உணரும் கணக்கையும் அந்தப் பம்பர் கெடுக்கும்.

4 லட்சம் கொடுத்துப் பழைய கார் வாங்கினேன். இரண்டு ஏர்பேக் இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். மூன்று மாதம் கழித்து டேஷ்போர்டைக் கழற்றிய மெக்கானிக், உள்ளே பையே இல்லை என்கிறார்.
- காரைக்குடி வாசகர்

உங்கள் மேல் தப்பில்லை, மூடியைப் பிரித்துப் பார்த்தா யாரும் கார் வாங்குகிறார்கள்? ஒருமுறை வெடித்த பை மறுபடி உதவாது. புதிது போடச் செலவு அதிகம் என்பதால் மூடியை மட்டும் ஒட்டி, எச்சரிக்கை விளக்கின் ஒயரை வேறு விளக்கோடு கோத்துவிடுவார்கள். சாவியைத் திருப்பியதும் எஸ்.ஆர்.எஸ். என்ற அந்த ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து, சில விநாடிகளில் தானாக அணைய வேண்டும். எரியாமலே இருந்தாலும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆயில் விளக்கோடு ஒன்றாக அணைந்தாலும் சந்தேகப்படுங்கள்.

கழற்றிய நிலையிலேயே படம் எடுங்கள். மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள். முதலில் கடைக்கு நோட்டீஸ், மசியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1915-க்குப் போன் போடுங்கள். விடாதீர்கள்.

என் காரில் ஆறு ஏர்பேக். பெல்ட் போடாவிட்டால் கீ கீ என்று கத்துகிறது. சத்தத்தை நிறுத்தும் கிளிப் எங்கே கிடைக்கும்?
- தேவகோட்டை வாசகர்

இந்தக் கேள்வி மாதம் ஒன்றாவது வருகிறது, எனக்குப் பொறுமை போய்விட்டது. எஸ்.ஆர்.எஸ். என்பதன் முதல் எழுத்துக்குத் 'துணை' என்று பொருள். சோறு பெல்ட், ஏர்பேக் கூட்டு. கூட்டை மட்டும் தின்று வயிறு நிறையுமா? மோதல் நடந்து கண் இமைக்கும் முன் பை வெடித்து விரிகிறது. பெல்ட் போட்டவர் தன் இடத்தில் இருக்க, விரிந்த பை அவரைத் தாங்குகிறது. போடாதவர் பிரேக் அடித்தபோதே முன்னால் சரிந்திருப்பார். விரிந்துகொண்டிருக்கும் பையில் போய் முகத்தைக் கொடுப்பார். அப்போது காப்பாற்ற வந்ததே அடிக்கும். ஸ்டீயரிங்குக்கும் நெஞ்சுக்கும் 25 செ.மீ. இடைவெளி விடச் சொல்வதும் இதற்காகத்தான்.

கிளிப் விஷயத்துக்கு வருகிறேன். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணையக் கடைகளுக்கு உத்தரவு போட்டு, இந்தக் கிளிப் விற்ற 13,118 பட்டியல்களை நீக்க வைத்தது. இன்னும் எங்கே கிடைக்கும் என்று என்னிடமே கேட்கிறீர்கள்!

சிங்கப்பூரிலிருந்து மகள் எட்டு மாதக் குழந்தையோடு வருகிறாள். முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளலாமா?
- கானாடுகாத்தான் ஆச்சி

வேண்டாம் ஆச்சி. மோதினால் பையும் குழந்தை மேல்தான் விரியும், தாயின் உடல் கனமும் குழந்தை மேல்தான் விழும். குழந்தைக்கான இருக்கையைப் பின் சீட்டில், முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி கட்டுங்கள். அந்த இருக்கையை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் வைக்கவே கூடாது.

பின் சீட்டில் பெல்ட் போட்டால் கண்டாங்கி கசங்குகிறது என்கிறார் என் மாமியார்.
- காரைக்குடி வாசகி

இஸ்திரி போட்டுக்கொள்ளலாம். அபராதம் 1,000 ரூபாய் என்றும் சொல்லிப் பாருங்கள்.

சீட் கவர் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
- திருப்பத்தூர் வாசகர்

சீட்டின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்று சின்னத் துணிப்பட்டை தைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்த இடத்தை இறுக்கி மூடும் கவர் கூடாது, பை கிழித்துக்கொண்டு வர வழி வேண்டும். எனக்கு இது 7,500 ரூபாய் கொடுத்த பிறகு தெரிந்தது. தோல் மாதிரி மினுக்கியது, கடைக்காரர் டீயும் வாங்கித் தந்தார், பட்டையை நான் தேடவே இல்லை. சர்வீஸுக்கு விட்டபோது அங்கிருந்த பையன் ஒரு விரலால் தட்டிக் காட்டினான். அன்றே கழற்றினேன். இப்போது அந்தக் கவர் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது, பூனை படுத்துக்கொள்கிறது.