அது குறட்டை இல்லை, மூச்சுத்திணறல்!

நாய்க்குட்டி வாங்குவது பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி பக் என்னும் சப்பைமுக நாய் வளர்ப்பவர்கள் எழுதியவை. அதனால் இந்த முறை முழுக்கப் பக் மட்டும்தான். லாப்ரடார் வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்க்கலாம்.

மதுரை வாசகி: எங்கள் மிட்டுவுக்கு நான்கு வயது, 12 கிலோ இருக்கிறான். அவன் விடும் குறட்டை பக்கத்து வீடு வரை கேட்கும். வருகிறவர்கள் எல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டு போவார்கள். இப்போது கொஞ்ச நாளாக உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறான். சில நேரம் பந்தைக் கவ்விக்கொண்டே தூங்குகிறான். பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. எடைதான் கொஞ்சம் அதிகமோ, டாக்டர்?

பதில்: அந்த வீடியோக்களை எனக்கு அனுப்பாதீர்கள் அம்மா, என்னால் சிரிக்க முடியாது. படுத்தால் தொண்டை அடைக்கிறது, அதனால் உட்கார்ந்து தூங்குகிறான். வாய் திறந்திருந்தால்தான் காற்று போகிறது, அதனால் பந்தைக் கவ்விக்கொள்கிறான். இரண்டுமே மூச்சுக்காக அவனாகக் கண்டுபிடித்த வழிகள். அவன் ராத்திரி சரியாகத் தூங்குவதே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கின் முகத்தை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் குட்டையாக்கிவிட்டார்கள். எலும்பு குட்டையானது, உள்ளே இருக்கிற சதை அதே அளவுக்குக் குறையவில்லை. மூக்குத் துளை வெறும் கோடாகச் சுருங்கிவிட்டது. மேலண்ணத்தின் மென்சதை நீண்டு மூச்சுக்குழாயின் வாசலில் தொங்குகிறது. ஒவ்வொரு மூச்சையும் பலம் போட்டு இழுப்பதால் குரல்வளைச் சதையும் நாளடைவில் உள்பக்கம் பிதுங்குகிறது. ராயல் வெட்டரினரி கல்லூரி 2022-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பிரிட்டனில் உள்ள பக் நாய்களையும் மற்ற நாய்களையும் ஒப்பிட்டிருந்தார்கள். இந்தச் சுவாசக் கோளாறு பக்குக்கு இருக்கும் வாய்ப்பு சுமார் 54 மடங்கு. ‘பக் என்றாலே அப்படித்தான் டாக்டர்’ என்று என்னிடம் சொல்லாத வீட்டுக்காரர் கிடையாது. பக் என்றால் அப்படித்தான், அதுதானே நோயே!

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். வெயில் இல்லாத காலையில், உங்கள் வேக நடைக்கு அவன் துள்ளுநடையாக வரும்படி மூன்று நிமிடம் கூட்டிப் போங்கள். இடையில் உட்கார்ந்துவிட்டாலோ, திணறினாலோ, நாக்கு நீலம் பாரித்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். முடித்த பிறகு கொர்கொர் சத்தம் அதிகமாகிறதா என்று கேளுங்கள். இதில் எது இருந்தாலும், அவனைப் பார்க்கும் டாக்டரிடம் ‘மூக்குத் துளையையும் அண்ணத்தையும் பாருங்கள்’ என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். துளையை அகலப்படுத்தவும், நீண்ட அண்ணத்தை வெட்டிச் சரிசெய்யவும் அறுவை சிகிச்சை உண்டு. சிறு வயதில் செய்தால் பலன் அதிகம். உட்கார்ந்து தூங்கும் அளவுக்கு வந்துவிட்டதால், சோதனை எப்படி வந்தாலும் மிட்டுவை டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

அதோடு சேர்த்து எடை. பக்குக்கு அளவு 6 முதல் 8 கிலோ. 12 கிலோ ‘கொஞ்சம் அதிகம்’ இல்லை, ஒன்றரை மடங்கு. கழுத்திலும் தொண்டையைச் சுற்றியும் சேரும் கொழுப்பு, ஏற்கெனவே குறுகிய வழியை இன்னும் நெருக்குகிறது. 8 கிலோவுக்குக் கொண்டுவர நாளைக்குச் சுமார் 330 கலோரிதான் கொடுக்கலாம். டீயோடு நீங்கள் போடும் நான்கு மேரி பிஸ்கட்டிலேயே கிட்டத்தட்ட 100 போய்விடும். சாப்பாட்டைக் கையளவில் போடாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரித் துண்டு, வேகவைத்த பீன்ஸ். வாரத்துக்கு 120 முதல் 240 கிராம் வரை குறைந்தால் போதும். நான்கு முதல் எட்டு மாதம் வரை ஆகும், அவசரப்படாதீர்கள். விலா எலும்பைத் தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். இப்போது உங்கள் மிட்டு மேலிருந்து பார்த்தால் உரல் மாதிரி இருப்பான் என்று நினைக்கிறேன்.

வேலூர் வாசகர்: மே மாதம் மதியம் கரண்ட் போனபோது எங்கள் பக் மயங்கி விழுந்துவிட்டது. ஈரத் துண்டைப் போர்த்தி, வாயில் தண்ணீர் ஊற்றினோம். எப்படியோ பிழைத்துவிட்டது. செய்தது சரியா? ஏர் கூலர் வாங்கினால் போதுமா?

பதில்: பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம் ஐயா. ஆனால் நீங்கள் செய்த இரண்டுமே வேண்டாம். மயக்கத்தில் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போகலாம். போர்த்திய துண்டு சில நிமிடங்களில் உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு, அதை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெங்கும் வியர்க்காது. மூக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாவதால்தான் அதன் உடம்பு குளிர்கிறது. பக்குக்கு அந்த மூக்கே இல்லை. வேகமாக மூச்சு வாங்க வாங்க, அந்த உழைப்பே இன்னும் சூட்டைக் கிளப்பும். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினாலே ஆபத்து. 106-க்கு மேல் போனால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும்.

அடுத்த முறை இப்படி நடந்தால் (நடக்க வேண்டாம்), முதலில் குளிர வையுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க, வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனையும்படி ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். தலையைத் தூக்கிப் பிடியுங்கள், மூக்கில் தண்ணீர் போகக் கூடாது. கரண்ட் இல்லையென்றால் முறமோ, அட்டையோ, காற்று வந்தால் சரி. தெர்மாமீட்டர் இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள், 103-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிடலாம். எழுந்து வாலாட்டினாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டியாக வேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறைவதும் மறுநாள்கூடக் கெடும்.

கூலர் வேலூருக்குச் சரி. உங்கள் ஊர் வெயில் காய்ந்த வெயில், ஈரக்காற்று அங்கே குளிரும். இதைப் படிக்கிற சென்னை, நாகப்பட்டினக்காரர்கள் கூலர் வாங்க ஓட வேண்டாம். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் கூலரும் குளிர்விக்காது, நாயின் மூச்சும் குளிர்விக்காது. அங்கே ஏசிதான். பில்லைப் பார்த்து வீட்டுக்காரர் முறைத்தால் என் பெயரைச் சொல்லுங்கள். நடைப்பயிற்சி விடியலிலும், தார்ச்சாலை ஆறிய பிறகு ராத்திரியிலும் மட்டும். புறங்கையைச் சாலையில் சில நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

திண்டுக்கல் வாசகி: பக்கின் ஒரு கண்ணில் நீர் வடிகிறது, மூடி மூடித் திறக்கிறது. என் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கொடுத்த சொட்டு மருந்து மீதி இருக்கிறது. விடலாமா?

பதில்: கூடாது! இந்த இதழில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். பெட்டியில் பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு போனால் புண் ஆறாது, ஆழமாகும், கருவிழியே ஓட்டையாகிவிடலாம். பக்கின் கண் குழியில் ஆழமாக உட்காராமல் வெளியே துருத்தி நிற்கிறது. கோரைப்புல், பூனை நகம், சோபா ஓரம், எது பட்டாலும் முதலில் கண்ணில்தான் படும். கண்ணைச் சுருக்கினால் வலிக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கே கூட்டிப் போங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். டாக்டர் கண்ணில் ஒரு சாயத்தாளைத் தொட்டுப் பார்ப்பார், புண் இருந்தால் அந்த இடம் பச்சையாகத் தெரியும். கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறதா என்று அளக்கும் தாளும் இருக்கிறது, அதையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள். மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழி மேல் பழுப்பாக ஒரு படலம் ஊர்ந்து வருகிற பக்குகளையும் நிறையப் பார்க்கிறேன். வலி இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை, பார்வை மங்கிய பிறகு வருவார்கள்.

இன்னொன்று. கழுத்தில் பட்டை போட்டு இழுக்காதீர்கள், மார்போடு மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். கழுத்து இறுகினாலோ, பெரிய நாய் கவ்வினாலோ பக்குக்குக் கண் பிதுங்கி வெளியே வந்துவிடும். அப்படி ஆனால் உள்ளே தள்ள முயல வேண்டாம். சலைனிலோ சுத்தமான தண்ணீரிலோ நனைத்த துணியை மெல்ல வைத்து, காயாமல் பார்த்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தஞ்சாவூர் வாசகி: மூக்குக்கு மேலே உள்ள மடிப்பில் நாற்றம் வருகிறது. மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் மூன்றையும் முயன்றுவிட்டேன்.

பதில்: மூன்றையும் நிறுத்துங்கள். எண்ணெய் ஈரத்தை உள்ளேயே வைத்துப் பூட்டும், பவுடர் கட்டியாகும், மஞ்சள் கண்ணில் போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் மடிப்பை விரித்துத் துடைத்து, காய்ந்த பஞ்சால் ஈரத்தை எடுங்கள். முக்கியம் அந்த இரண்டாவது பஞ்சுதான். தினமும் செய்யலாம். சிவந்து பிசுபிசுவென்று இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம், மருந்து வேண்டும். வாலின் சுருளுக்கு அடியிலும் பாருங்கள், அங்கேயும் இதே கதைதான்.

திருநெல்வேலி வாசகர்: திடீரென்று கழுத்தை நீட்டி, மூச்சை உள்பக்கம் உறிஞ்சி ‘க்ரொக் க்ரொக்’ என்கிறது. ஒரு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. உயிர் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பெரும்பாலும் இது உள்நோக்கிய தும்மல், ஆபத்தில்லை. தொண்டையை மெல்லத் தடவிவிடுங்கள், நின்றுவிடும். அடுத்த முறை போனில் படம் பிடித்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள், நேரில் போகும்போது அது நிச்சயம் செய்து காட்டாது. நாக்கு நீலமானாலோ, நிற்காமல் தொடர்ந்தாலோ அது வேறு விஷயம், உடனே கிளம்புங்கள்.

கும்பகோணம் வாசகி: நாங்கள் சாப்பிடுவதைத்தான் அதுவும் சாப்பிடுகிறது. சாம்பார் சாதம் கொடுக்கலாமா?

பதில்: சாம்பாரில் வெங்காயம் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் விஷம் போகாது. பாயசத்தில் இருக்கிற உலர்திராட்சையும் கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேகவைத்த எலும்பு குத்தும். உப்பு, மசாலா இல்லாத கோழிக்கறியும் கொஞ்சம் சாதமும் காயும் கொடுக்கலாம், ஆனால் தினமும் அதுவே என்றால் சத்துக் கணக்கை டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். காய்ச்சல் என்று நீங்கள் போடும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் எதையும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

கோவை வாசகர்: எங்கள் பெண் பக் முதல் முறை பருவத்துக்கு வந்திருக்கிறது. நல்ல ஜோடி கிடைத்தால் குட்டி போட வைத்து விற்கலாம் என்று இருக்கிறோம். நண்பர்கள் ஆளுக்கு ஒன்று கேட்கிறார்கள்.

பதில்: தம்பி, கேட்கிற நண்பர்களை ஒரு நாள் என் கிளினிக்கில் உட்கார வையுங்கள். முதல் பருவத்தில் அதுவே குட்டிதான், வளர்ச்சியே முடிந்திருக்காது. வளர்ந்த பிறகும்கூடக் குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பெலும்பு குறுகல். பல பக்குகளுக்கு சிசேரியன்தான் வழி. மூச்சே சரியில்லாத நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பது எந்த டாக்டருக்கும் வயிற்றைக் கலக்கும் வேலை. சுகப்பிரசவம் ஆனாலும், குட்டை முகத்தால் குட்டியை மூடிய பையைக் கிழித்துத் தொப்புள்கொடியைக் கடிக்கப் பல தாய்கள் சிரமப்படும். ராத்திரி இரண்டு மணிக்கு அதை நீங்கள் செய்ய வேண்டியிருக்கும்.

விற்பதென்றால் சட்டமும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நெதர்லாந்து இன்னும் கடுமை. ஒரு காலத்தில் அங்கே ‘ஆரஞ்சு’ என்ற அரச குடும்பத்தின் செல்லநாயே பக்தான், இங்கிலாந்துக்கு அது பரவியதிலும் அந்தக் குடும்பத்துக்குப் பங்குண்டு. அதே நாடு 2019 முதல், மூக்கின் நீளம் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாய்களை இனப்பெருக்கம் செய்வதைத் தடுத்துவிட்டது. நம் ஊரில் 2003-ல் வந்த ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்துக்குப் பிறகுதான் தெருவுக்குத் தெரு பக் வந்தது. சிறுவன் பின்னாலேயே ஓடும் அந்த நாயைப் பார்த்து வாங்கியவர்கள் பலர், ஓட முடியாத நாயோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள். பின்னாளில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் தொல்லையும் இருக்காது.

சென்னை வாசகி: கோடை விடுமுறைக்குத் தூத்துக்குடிக்கு ரயிலில் பக்கைக் கூட்டிப் போகலாமா?

பதில்: முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் கூபேயோ, நான்கு பேர் கேபினோ முழுவதும் உங்களுக்கே என்றால் கூட வைத்துக்கொள்ளலாம். ஸ்லீப்பரிலும் மற்ற ஏசி வகுப்புகளிலும் அனுமதி இல்லை. கூபே கிடைத்ததா என்பது பெரும்பாலும் சார்ட் வந்த பிறகுதான் தெரியும், எனவே மாற்று ஏற்பாடு கையில் இருக்கட்டும். தடுப்பூசி அட்டை, டாக்டர் சான்றிதழோடு முன்கூட்டியே பார்சல் ஆபீஸ் போய் அதற்கும் சீட்டு போட வேண்டும். கூபே கிடைக்காவிட்டால் கார்டு வேனில் இருக்கும் நாய்ப்பெட்டியில் ஏற்றச் சொல்வார்கள். கோடையில் பக்கை அந்தப் பெட்டியில் ஏற்றாதீர்கள், பயணத்தையே தள்ளிப்போடுங்கள். வாடகை காரில் போவதானால் ராத்திரி கிளம்புங்கள், டீ குடிக்க இறங்கும்போது ஏசியை அணைத்துவிட்டு அதை உள்ளே பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.