வினாடி வினாவுக்குப் படிக்கும் நீலகிரிப் பிள்ளைகளுக்கு: சதுப்பு, சாகுபடி, கல்லூரி

ஈரநிலம், இளைஞர் வேளாண்மை, பல்கலைக்கழக வாழ்க்கை என்று இந்த முறை தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்தவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன. நடுவே ஒரு விவசாயியும் கேட்டுவிட்டார்.

கோத்தகிரி மாணவி: லாங்வுட் சோலை காடுதானே சார்? எப்படி ராம்சார் ஈரநிலம் ஆனது?

காடுதான்மா. ஆனால் ஈரநிலம் என்றால் ஏரியும் கொக்கும் மட்டும் இல்லை. 1971 பிப்ரவரி 2 அன்று ஈரநிலங்களைக் காக்க ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, இயற்கையோ செயற்கையோ, நிற்கிற நீரோ ஓடுகிற நீரோ எல்லாம் சேர்த்தி. நெல் வயலும் உண்டு. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் 6 மீட்டர் ஆழம் தாண்டாத கரையோரக் கடலும் உண்டு! லாங்வுட் 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, கூடவே அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டியும். தமிழகத்தில் முதலாவது கோடியக்கரை, 2002. இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

கேத்தி விவசாயி: எங்கள் பள்ளத்துச் சதுப்பு சும்மாதான் கிடக்கிறது. வாய்க்கால் வெட்டி கேரட் போட்டால் என்ன?

சும்மா கிடக்கவில்லை அண்ணே. ஒரு கொத்து கொத்திப் பாருங்கள்: கன்னங்கரேல் என்று, பாதி மக்கிய புல்லும் வேருமாக வரும். கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். நீர் நிறைந்து காற்று புகாததால்தான் அது முழுசாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்கிறது. நீலகிரிச் சதுப்பு மண்ணின் அடுக்குகளை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளாக இங்கே மழையும் வறட்சியும் எப்படி மாறிமாறி வந்தன என்று கணித்திருக்கிறார்கள்.

வாய்க்கால் வெட்டினால் நீர் வடியும், காற்று புகும், சேர்ந்ததெல்லாம் மக்கிக் கரியமில வாயுவாகப் போகும், மண்ணும் அமுங்கும். முதலில் கேரட் நன்றாகவே வரும், மறுக்கவில்லை. ஆனால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுவது அந்தச் சதுப்புதான். மார்ச், ஏப்ரலில் கீழ்ப்பக்கத்து ஊற்று வற்றினால் சண்டை உங்களோடுதான் வரும்.

குன்னூர் மாணவர்: ஃபோர்-எச் என்றால் என்ன?

அமெரிக்க இளைஞர் அமைப்பு தம்பி. ஹெட், ஹார்ட், ஹேண்ட்ஸ், ஹெல்த்: நாலு எச். சின்னம் நாலிலைக் குளோவர். 1902-ல் ஒஹையோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில் ஏ.பி. கிரஹாம் தொடங்கிய சிறுவர் சங்கத்தைத் தொடக்கமாகச் சொல்வார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பல்கலைக்கழகத்துப் புது முறைகளைப் பெரியவர்கள் சட்டென்று ஏற்கவில்லை. பிள்ளைகள் செய்து பார்த்தார்கள், அப்புறம் அப்பாக்கள் வயலிலும் அது வந்தது. நம் ஊரிலும் அப்பாக்கள் அப்படித்தான்!

அவரே: நம் நாட்டில்?

வேளாண் அறிவியல் நிலையம். கிராமத்து இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி தருவதும் அதன் வேலை. நாட்டிலேயே முதலாவது 1974-ல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. நீலகிரிக்கானது உங்கள் குன்னூரில், உபாசி என்ற தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கம் நடத்துவது.

ஊட்டி மாணவி: பி.எஸ்சி. அக்ரி சேர்ந்தால் கிராமத்தில் தங்க வேண்டுமாமே?

ஆமாம், கடைசி வருடத்தில். ‘ராவே’ என்பார்கள், கிராமத்தில் தங்கி விவசாய வேலை பழகுவது. தெருவில் கோலமாவால் ஊர் வரைபடம் போட்டு, கிணறு எங்கே, ஓடை எங்கே என்று ஊர்க்காரர்களையே குறிக்கச் சொல்வார்கள். கோடு தப்பாகப் போனால் பாட்டிகள் விடமாட்டார்கள். நாலு வருடப் படிப்பில் உருப்படியான பகுதி இதுதான் என்பேன்.

அவரே: ஊட்டி அரசு கலைக் கல்லூரி பற்றி ஏதாவது?

அங்குள்ள ஸ்டோன் ஹவுஸ், கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் கட்டியது. ஊட்டியின் முதல் பங்களா. ஓடைகளை மறித்து ஊட்டி ஏரியை உண்டாக்கியதும் அவர்தான். ‘இயற்கை ஏரி’ என்று எழுதி மார்க்கை விட்டுவிடாதே.