மழைக்காலச் சளியும் டிசம்பர்ப் பயணமும்: வாசகர் கேள்விகள்

இம்மாதம் வந்த கேள்விகள் எல்லாமே பிள்ளைகளின் சளி, காய்ச்சல், விடுமுறைப் பயணம் பற்றியவை. டிசம்பரில் தொடங்கி மார்ச் முற்பகுதிவரை நீளும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் சிங்கப்பூரில் நமக்குக் குளிர்காலம். அசல் குளிரைத் தேடி வெளிநாடு போகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

பேரன் மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்கிறேன், மருமகள் சிரிக்கிறாள். இரவு முழுவதும் ஏர்கானையும் ஓடவிடுகிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு பாட்டி, உட்லண்ட்ஸ்

மருமகளுக்கு முக்கால் மதிப்பெண், உங்களுக்குக் கால். சளியைத் தருவது கிருமி, மழைத்தண்ணீர் அல்ல. மழை நாட்களில் சளி கூடுவதற்குப் பெரிய காரணம், எல்லாரும் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே அடைந்திருப்பது. திறந்தவெளி விளையாட்டிடத்துக்குப் பதில் கடைத்தொகுதியின் உள்விளையாட்டுக்கூடம், பாலர் பள்ளியின் மூடிய வகுப்பறை. அங்கே ஒரு பிள்ளை தும்மினால் பத்துப் பிள்ளைக்குப் பங்கு கிடைக்கும்.

உங்களுக்கு அந்தக் கால் மதிப்பெண் எதற்கென்றால், குளிர்ந்த வறண்ட காற்று மூக்கின் உட்சவ்வை உலர்த்தி அதன் காவலைத் தளர்த்தும். அதனால் ஏர்கானை 25 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம், காற்று பிள்ளையின் முகத்தில் நேராகப் படவும் வேண்டாம். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். காலையில் சன்னலைத் திறந்து ஒரு கால் மணி நேரம் காற்றோட விடுங்கள்.

யாரும் கவனிக்காத ஒன்று: மழை விடாதபோது மூங்கில் கழித் துணியெல்லாம் படுக்கையறைக்குள் வந்துவிடுகிறது. அந்த ஈரத்தில் பூஞ்சையும் தூசிப்பூச்சியும் பெருகும். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இரவு இருமலைக் கூட்டிவிட அது போதும். துணியைக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் காயப்போடுங்கள்.

டிசம்பர் 6 அன்று ஜப்பானின் ஹொக்கைடோ போகிறோம். மகளுக்கு 7 வயது, சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டதே இல்லை. மகனுக்கு 3 வயது, சென்ற ஆண்டு இரண்டு முறை போட்டோம். எப்போது போட வேண்டும்?
– ஒரு தந்தை, செங்காங்

நாள்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள். ஊசி போட்டபின் உடலில் எதிர்ப்பு சக்தி உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆகவே கடைசி ஊசி நவம்பர் 22க்குள் முடிந்திருக்க வேண்டும். மகனுக்கு அந்த ஒரே ஊசி போதும். மகள் கதை வேறு. 9 வயதுக்குட்பட்ட பிள்ளை முதன்முறையாகப் போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. அப்படியென்றால் முதல் ஊசி அக்டோபர் 25க்குள். நவம்பர் பாதியில் நினைவு வந்து மருந்தகத்துக்கு ஓடுவதுதான் பலர் செய்யும் தவறு. முதல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டு அரைகுறைப் பாதுகாப்போடு விமானம் ஏறுகிறார்கள்.

6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் இந்த ஊசி தேசியத் தடுப்பூசி அட்டவணையில் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. மகன் சிங்கப்பூர்க் குடிமகன் என்றால் பலதுறை மருந்தகத்திலும் சாஸ் என்ற சமூகச் சுகாதார உதவித் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகங்களிலும் முழு மானியம் உண்டு. மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள், கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வெப்பமண்டலமான நம் ஊரில் இந்தக் காய்ச்சல் ஆண்டு முழுவதும் சுற்றுகிறது. ஜப்பானில் குளிர்காலத்தில்தான் உச்சம். நீங்கள் அந்த உச்சத்துக்குள் போகிறீர்கள்.

உடை விஷயத்தில் ஒரே பெரிய சட்டையைவிட மூன்று அடுக்கு நல்லது. உள்ளே வியர்வையை வெளியேற்றும் மெல்லிய துணி, நடுவில் கம்பளி, வெளியே காற்றும் பனியும் புகாத மேலுறை. உள்ளே பருத்தி பனியன் போட்டுவிடாதீர்கள். பனியில் ஓடி வியர்த்தால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். சூடேற்றிய கடைக்குள்ளோ ரயிலுக்குள்ளோ நுழைந்தவுடன் மேலடுக்கைக் கழற்றுங்கள். கையில் வைக்கும் சூட்டுப் பைகளைத் தோலில் நேராக ஒட்டக்கூடாது, ஒட்டியபடி தூங்கவும் கூடாது. மிதமான சூடுதானே என்று தோன்றும். மணிக்கணக்கில் பட்டால் அதுவும் புண்ணாக்கும். வாடகைக் காரில் பிள்ளை இருக்கையின் பட்டையைத் தடித்த சட்டைக்கு மேல் மாட்டாதீர்கள். மோதலின்போது சட்டை அமுங்கிவிடும், பட்டை தளர்ந்துவிடும். சட்டையைக் கழற்றி, பட்டையை இறுக்கி, மேலே போர்த்துங்கள்.

நாங்களும் குளிர்நாட்டுக்குப் பயணம் போகிறோம். அண்ணன் பிள்ளைகளின் பழைய குளிர்ச்சட்டைகள் பெட்டியில் பாச்சை உருண்டையோடு இருந்தன. துவைத்துப் போட்டால் போதுமா? என் மகனுக்கு ஜி6பிடி குறைபாடு உண்டு.
– ஒரு தாய், புங்கோல்

வேண்டாம். உங்கள் மகனுக்கு அந்தச் சட்டைகளை உடுத்தாதீர்கள். நாப்தலீன் உருண்டையின் ஆவி துணி இழைகளுக்குள் தங்கும்; ஒருமுறை துவைத்தால் முழுதும் போய்விடும் என்று நம்ப முடியாது. ஜி6பிடி நொதி குறைவாக உள்ள பிள்ளை அந்த ஆவியைச் சுவாசித்தாலே சிவப்பணுக்கள் உடைந்து சிதையலாம். முகம் வெளிறுவது, கண் மஞ்சளாவது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது ஆகியவை அறிகுறிகள். கண்டால் அன்றே மருத்துவமனைக்கு.

சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனை செய்கிறார்கள், முடிவு சுகாதாரப் புத்தகத்தில் இருக்கும். தங்கள் பிள்ளைக்கு என்ன முடிவு என்று நினைவில்லாத மற்ற பெற்றோரும் இன்றே எடுத்துப் பார்க்கலாம். அடுத்த முறை குளிர்ச்சட்டைகளைத் துவைத்து, முழுக்கக் காயவைத்து, காற்றுப்புகாத பையில் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு வையுங்கள். தாத்தா பாட்டி வீட்டு அலமாரியையும் சோதியுங்கள்; உருண்டை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

ஐந்து மாதக் குழந்தைக்குச் சளி. அத்தை சாம்பிராணி போடச் சொல்கிறார், மார்பில் கற்பூர எண்ணெய் தடவி மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்கிறார்.
– ஒரு தாய், ஈசூன்

அத்தையின் அக்கறை பெரிது, ஆனால் மூன்றுமே வேண்டாம். சாம்பிராணிப் புகை சுவாசக்குழலை எரிச்சலூட்டும். சின்ன அடுக்குமாடி அறையில் புகை போக இடமும் இல்லை. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், வாயில் பட்டால் வலிப்பு வரை கொண்டுபோகும். அதே காரணத்தால் கற்பூரம் கலந்த மார்புத் தைலங்களும் இரண்டு வயதுக்குள் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் எண்ணெய் நிமோனியா வரும்.

மருந்தகத்தில் 0.9 விழுக்காட்டு உப்புநீர்ச் சொட்டு கிடைக்கும். பால் கொடுப்பதற்குச் சற்று முன்னும் தூங்கப் போகும் முன்னும் ஒவ்வொரு நாசியிலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து உறிஞ்சியால் மெதுவாக எடுங்கள். மூக்கடைப்பு நீங்கினால்தான் குழந்தை பால் குடிக்கும். நாளுக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் உறிஞ்சினால் சவ்வு வீங்கி அடைப்பு கூடும். அத்தைக்கு வேறு வேலை தரவேண்டும் என்றால் ரசம் வைக்கச் சொல்லி நீங்கள் குடியுங்கள். தேன் மட்டும் ஒரு வயது ஆகும்வரை குழந்தைக்குத் துளிகூட வேண்டாம். பொட்டுலிசம் என்ற நச்சுப் பாதிப்பு வரலாம். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இரவு இருமலுக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி கொடுக்கலாம்.

வீட்டில் இரண்டு பாரசிட்டமால் பாட்டில்கள் உள்ளன. மகன் 12 கிலோ. எவ்வளவு கொடுப்பது?
– ஒரு தந்தை, ஜூரோங் வெஸ்ட்

முதலில் இரண்டு பாட்டிலின் சீட்டையும் படியுங்கள். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இங்கே விற்பனையில் உண்டு. அளவு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 180 மில்லிகிராம். 120 சிரப்பில் அது 7.5 மில்லிலிட்டர், 250 சிரப்பில் 3.6 மில்லிலிட்டர். மாற்றி ஊற்றினால் இரட்டை மடங்காகும், ஈரல்தான் விலை கொடுக்கும். சமையல் கரண்டியால் அளக்காதீர்கள், ஊசியில்லாச் சிரிஞ்சைப் பயன்படுத்துங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. சளி சிரப் சிலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். டெங்கி இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை இபுபுரோஃபெனும் வேண்டாம், இரத்தக்கசிவு கூடும்.

பாலர் பள்ளியில் கை, கால், வாய்ப்புண் நோய். கைச்சுத்திகரிப்பான் போதாதா?
– ஒரு தாய், தெம்பனிஸ்

போதாது. இந்தக் கிருமி ஆல்கஹாலுக்கு அவ்வளவாக அசையாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் 20 வினாடி, குறிப்பாகக் கழிப்பறைக்குப் பின்னும் உண்ணும் முன்னும். கொப்புளம் ஆறிய பிறகும் மலத்தில் கிருமி சில வாரங்கள் இருக்கும் என்பதால் டயபர் மாற்றும் கையைத்தான் முதலில் பாருங்கள். பொம்மைகளுக்கு: 5 விழுக்காட்டு பிளீச் 20 மில்லிலிட்டரை 980 மில்லிலிட்டர் தண்ணீரில் கலந்து துடைத்து, 10 நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அன்றன்று கலக்க வேண்டும். வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தோடும் சேர்க்கவே கூடாது, நச்சுவாயு வரும்.

வைட்டமின் சி மிட்டாய் தினமும் தரலாமா? வாழைப்பழம், தயிர் நிறுத்தணுமா?
– ஒரு வாசகி, பீஷான்

மிட்டாய் சளியைத் தடுக்காது, பல்லைத்தான் கெடுக்கும். வாழைப்பழத்தையும் தயிரையும் நிறுத்த வேண்டாம்.

மகளுக்கு மாதம் ஒருமுறை சளி. மூக்கு மஞ்சளாக ஒழுகுகிறது. ஆன்டிபயாட்டிக் கேட்கலாமா? எப்போது பயப்பட வேண்டும்?
– ஒரு தாய், சுவா சூ காங்

பாலர் பள்ளியின் முதல் ஆண்டில் எட்டுப் பத்துச் சளி வருவது வழக்கம்தான். இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். மஞ்சள் நிறம் மட்டும் ஆன்டிபயாட்டிக்குக் காரணமாகாது, சளியின் மூன்றாம் நான்காம் நாளில் அது தானாக வரும். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் மருந்தகத்துக்குப் போங்கள்.

மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதம் முதல் 1 வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி வந்துவிட்டால் வீட்டு மருந்து வேண்டாம், நேரே கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் அப்படித்தான். விலா எலும்புக்கு அடியில் தோல் உள்ளிழுக்கப்பட்டாலோ, உதடு நீலமானாலோ, எழுப்பினாலும் கண் திறக்காவிட்டாலோ காரை எடுக்காதீர்கள், 995ஐ அழையுங்கள்.