ஷாப்லி வாங்கும்போது லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறேன். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் ஓய்வு பெறுகிறார். அவருக்கு ஷாப்லி ஒயின் மிகவும் பிடிக்கும் என்று தெரிந்து கடைக்குப் போனால், அதே பெயரில் நான்கு விதமான லேபிள்கள் இருக்கின்றன. விலையும் மடங்கு மடங்காக ஏறுகிறது. எதை வாங்குவது? இன்னொரு சந்தேகம்: சில மாதங்களுக்கு முன் நான் வாங்கிய ஷாப்லி வெறும் புளிப்பாக இருந்தது. அது கெட்டுப்போன பாட்டிலா?

பதில்: பரிசுக்கு, அந்த நான்கு லேபிள்களில் உச்சிக்கு அடுத்த படியான பிரமியே க்ரூவை, நான்கைந்து வயதானதாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குச் சாதாரண ஷாப்லியே போதும். நீங்கள் குடித்த பாட்டில் கெட்டுப்போனதாக இருக்க வாய்ப்பு குறைவு. அது இளம் ஒயினாக இருந்திருக்கும். அதை அளவுக்கு மீறிக் குளிர வைத்து, உணவு எதுவும் இல்லாமல் குடித்திருப்பீர்கள். காரணங்களைச் சொல்கிறேன். அவை தெரிந்துவிட்டால் அடுத்த முறை விற்பனையாளரை நம்பி நிற்க வேண்டியதில்லை.

ஷாப்லி என்ற ஊர் பர்கண்டி ஒயின் பகுதியின் வடகோடியில், யோன் மாவட்டத்தில் இருக்கிறது. பாரிஸிலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 180 கிலோமீட்டர். பக்கத்துப் பெரிய ஊர் ஓசேர். செரான் என்ற சிறு ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது. நீங்கள் கடையில் பார்த்த நான்கு லேபிள்களுக்கும் திராட்சை ஒன்றே: ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சை. வேறு எந்தத் திராட்சையையும் கலக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே, கீழிருந்து மேலாக, பெத்தி ஷாப்லி, ஷாப்லி, ஷாப்லி பிரமியே க்ரூ, ஷாப்லி கிரான் க்ரூ என்ற நான்கு படிகளும் முதன்மையாக நிலத்தின் படிகள்தான். கொடி எந்த மண்ணில், எந்தத் திசையைப் பார்த்த சரிவில் நிற்கிறது என்பதையே லேபிள் சொல்கிறது.

குன்றுகளின் உச்சியிலும் மேட்டுச் சமவெளியிலும் இருப்பது கடினமான சுண்ணாம்புக்கல். காற்றும் குளிரும் அதிகமான அந்த இடங்களில் விளைவதில் பெரும்பகுதி பெத்தி ஷாப்லி. அதற்குக் கீழே, சரிவுகளில், கிம்மெரிஜியன் எனப்படும் சுண்ணாம்புக் களிமண். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இது ஆழம் குறைந்த கடலின் அடித்தரை. தோட்டத்தில் ஒரு கல்லை எடுத்துத் திருப்பினால், விரல் நகம் அளவுகூட இல்லாத, காற்புள்ளி வடிவச் சிப்பி ஓடுகள் நெருக்கமாக ஒட்டியிருப்பதைக் காணலாம். ஷாப்லியும் பிரமியே க்ரூவும் கிரான் க்ரூவும் பெரும்பாலும் இந்த மண்ணில்தான் விளைகின்றன.

இந்தச் சிப்பிகளைக் காட்டி, 'கடலின் சுவை கொடி வழியாக ஒயினில் இறங்குகிறது' என்று விற்பனைக்காரர்கள் சொல்வார்கள். நம்ப வேண்டாம். வேர் உறிஞ்சுவது நீரையும் அதில் கரைந்த உப்புக்களையும் மட்டுமே. கல்லின் சுவை பழத்துக்கு ஏறுவதில்லை. ஷாப்லியைக் குடிக்கும்போது ஈரச் சுண்ணாம்பும் எலுமிச்சைத் தோலும் கடற்காற்றும் நினைவுக்கு வருவது உண்மை. ஆனால் அதற்குக் குளிர்ந்த வானிலை தரும் கூர்மையான அமிலம், ஓக் மரப் பீப்பாயின் வாசனை மேலேறாத தயாரிப்பு, புளிக்கும்போது உண்டாகும் சில கந்தகச் சேர்மங்கள் என்று வேறு விளக்கங்கள் இருக்கின்றன. இந்த மண்ணின் சிறப்பு சுவையில் இல்லை. மழைநீரை வடியவிட்டு, வேருக்குத் தேவையான ஈரத்தை மட்டும் பிடித்து வைத்திருப்பதில்தான் அதன் சிறப்பு இருக்கிறது.

மண்ணுக்கு இணையாக வெயிலும் முக்கியம். திராட்சை ஒழுங்காகப் பழுப்பதற்கான எல்லையில் இருக்கும் ஊர் இது. கூடுதலாக ஒரு மணி நேரம் வெயில் கிடைத்தாலும் பழத்தில் தெரியும். கிரான் க்ரூ முழுவதும் ஊருக்கு எதிரே, ஆற்றின் வலக்கரையில், தென்மேற்கு வெயிலை வாங்கும் ஒரே ஒரு குன்றுச் சரிவு. லே க்ளோ, வல்மூர், வோதேசிர், பிளான்ஷோ, பூக்ரோ, ப்ரோஸ், கிரெனூய் என்று ஏழு பகுதிகள். எல்லாம் சேர்ந்து சுமார் 100 ஹெக்டேர். மொத்த ஷாப்லி நிலமோ 5,500 ஹெக்டேருக்கு மேல். விலை ஏன் அப்படி ஏறுகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

விலையை ஆட்டிவைக்கும் இன்னொரு விஷயம் உறைபனி. ஏப்ரலில் கொடி துளிர்விடும் நேரத்தில் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்த ஆண்டின் விளைச்சல் ஒரே இரவில் கருகிவிடும். அந்த இரவுகளில் வரிசைகளுக்கு நடுவே பாரஃபின் மெழுகு நிரப்பிய தகர டின்களை ஆயிரக்கணக்கில் ஏற்றி வைக்கிறார்கள். வேறு சில தோட்டங்களில் துளிர்மீது இடைவிடாமல் தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம், பனிக்கட்டிக்குள் இருக்கும் துளிரைப் பூஜ்யத்துக்கு அருகிலேயே பிடித்து வைக்கிறது. காலையில் பார்த்தால் ஒவ்வொரு துளிரும் கண்ணாடிக் கூட்டுக்குள் பச்சையாக நிற்கும். பொழுது விடிந்து பனிக்கட்டி உருகும் வரை தெளிப்பை நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றால் தெளிக்காததைவிட மோசம். இதற்காகவே பேன் கிராமத்துக்கு அருகில் ஓர் ஏரியை வெட்டினார்கள். இத்தனை செய்தும் 2016, 2017, 2021 ஆண்டுகளில் பலத்த சேதம். 1950-களில் இந்தப் பகுதியில் திராட்சை நிலம் ஏறக்குறைய 500 ஹெக்டேராகச் சுருங்கிப் போயிருந்தது. அதிலிருந்து மீண்டு வந்த ஊர் என்பதை நினைத்தால் அந்த மக்கள்மீது எனக்குத் தனி மரியாதை.

இனி உங்கள் பரிசு. கிரான் க்ரூ வாங்கிக் கொடுத்தால் பெருமையாக இருக்கும் என்று தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று வயதான பாட்டில்; கிரான் க்ரூ வாய் திறந்து பேச எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும். இளமையில் திறந்தால் கொடுத்த பணத்தில் பாதி வீண். பிரமியே க்ரூ நான்கைந்து ஆண்டுகளில் பக்குவத்துக்கு வந்துவிடும், பத்தாண்டு வரையும் தாங்கும். எலுமிச்சைக் கூர்மை தணிந்து, தேனும் காளானும் வறுத்த கொட்டைகளும் கலந்த மணம் எழத் தொடங்கும் பருவம் அது. ஷாப்லியை நேசிப்பவர்கள் காத்திருப்பது அதற்குத்தான்.

பிரமியே க்ரூவில் 40 இடப்பெயர்கள் இருக்கின்றன. குழம்ப வேண்டாம், பல சிறு பெயர்கள் பெரிய பெயரொன்றின் கீழே விற்கப்படுகின்றன. ஆற்றின் எந்தக் கரை என்று மட்டும் பாருங்கள். கிரான் க்ரூ இருக்கும் வலக்கரையில் ஃபூர்ஷோம், மோந்தே து தொன்னேர், மோன் து மிலியூ: பொதுவாகச் சதைப்பற்றும் நிறைவும் அதிகம். இடக்கரையில் வையோன், மோன்மேன், கோத் து லேஷே: ஒல்லியான, சுறுசுறுப்பான ஒயின்கள். நான் கொடுப்பதாக இருந்தால் மோந்தே து தொன்னேர்தான். கிரான் க்ரூ குன்றுக்கு அடுத்த சரிவு அது. நடுவில் ஒரு சிறு பள்ளத்தாக்குதான் இடைவெளி. லேபிளில் உள்ள அறுவடை ஆண்டையும் பாருங்கள். 2020 கிடைத்தால் யோசிக்காதீர்கள்: வெயில் ஆண்டுதான், ஆனால் புளிப்பு குன்றவில்லை. 2018 கொழுகொழுவென்று, எளிதாகப் பிடித்துப்போகும். 2021 மெலிந்து, கூர்மையாக இருக்கும். நீங்கள் தவிர்க்கலாம், பழைய பாணி ரசிகருக்கு அதுதான் பிடிக்கும்.

தயாரிப்பாளர் பெயருக்கும் எடை உண்டு. ரவெனோ, தோவிசா இரண்டும் உச்சம், ஆனால் கைக்கெட்டாத விலை. வில்லியம் ஃபெவ்ர், பில்லோ சிமோன், துரோவான், லூயி மிஷெல் ஆகியோரை நம்பி வாங்கலாம். லூயி மிஷெல் மரப் பீப்பாயே பயன்படுத்துவதில்லை, எல்லாம் எஃகுத் தொட்டிதான். துரோவானில் சில ஒயின்கள் ஓக் பீப்பாயில் வளர்கின்றன. சுத்தமான கூர்மை வேண்டுமா, கொஞ்சம் அகலமான உடல் வேண்டுமா என்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள். விவசாயிகள் 1923-இல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனமான லா ஷாப்லிசியென்னின் ஒயின்கள் சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். வீட்டுக்கு வாங்க அவற்றைத் தாராளமாகச் சொல்வேன்.

லேபிளில் இரண்டு சொற்றொடர்களுக்கு ஏமாறாதீர்கள். 'கிரான் வேன் து பூர்கோஞ்', அதாவது பர்கண்டியின் மகத்தான ஒயின், என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது கிரான் க்ரூ அல்ல. பெத்தி ஷாப்லியிலும் அதைப் போடலாம். 'வியேய் வீஞ்', அதாவது முதிய கொடி, என்பதற்குச் சட்டப்படி எந்த வயது வரம்பும் கிடையாது. நல்ல தயாரிப்பாளர் போட்டால் பொருள் உண்டு; தெரியாத பெயர் போட்டால் அலங்காரம்.

கடைசியாக அந்தப் புளிப்பு. புளிப்புதான் ஷாப்லியின் முதுகெலும்பு. அது இல்லையென்றால் இந்த ஒயின் இல்லை. ஆனால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் மணம் முழுவதும் அடைபட்டு, நாக்குக்குப் புளிப்பு மட்டும் எட்டும். சாதாரண ஷாப்லியை 10 டிகிரி அளவிலும், பிரமியே க்ரூவை 12 டிகிரியிலும் குடியுங்கள். பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிடம் மேசையில் வைத்தால் போதும். குறுகிய உயரக் கோப்பை வேண்டாம், வயிறு அகன்றதில் ஊற்றுங்கள். பக்கத்தில் உப்புள்ள உணவு இருக்கட்டும்: சமைக்காத சிப்பி, வெண்ணெயில் வறுத்த மீன், ஆட்டுப் பால் சீஸ், அந்தப் பக்கத்து ஷவூர்ஸ் சீஸ். உப்பும் கொழுப்பும் சேரும்போது அதே புளிப்பு வாயைக் கழுவிவிட்டு அடுத்த வாய்க்குத் தயாராக்கும். மிளகாய்க் காரம் தூக்கலான குழம்புடன் மட்டும் வைக்காதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும்.

மீதியிருந்தால் தக்கையை இறுக்கி மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். பிரமியே க்ரூ என்றால் இரண்டாம் நாள் முதல் நாளைவிட நன்றாக இருப்பதும் உண்டு. பரிசுப் பாட்டிலோடு ஒரு சிறு சீட்டு வையுங்கள்: 12 டிகிரியில் குடிக்கவும், அவசரமில்லை, இன்னும் சில ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்று.